முப்பதால் பெருக்கியவர்கள்

கடலிலிருந்து திரும்பினால் கிரேன்காரர் முதலில் போய் உட்காருவது தெருமுனைச் சலூன் நாற்காலியில்தான். நான்கு வாரம் நடுக்கடலில், எண்ணெய் எடுக்கும் இரும்பு மேடையில், உப்புக் காற்றில் காய்ந்து வந்த முகம். அதற்கு ஒரு நல்ல சவரம் தேவை. அதைவிட அதிகமாக அவருக்குத் தேவைப்பட்டது சலூன்காரர் கொடுக்கும் வரவேற்பு.

"அடடே, பெட்ரோல் வந்தாச்சா! சார், கொஞ்சம் அந்தப் பக்கம் நகர்ந்துக்கங்க. அண்ணன் உட்காரட்டும்."

பெட்ரோல் என்பது தெரு அவருக்கு வைத்த பெயர். உண்மையில் அந்த மேடையில் அவர் ஒரு சொட்டுப் பெட்ரோலைக் கண்ணால் கண்டதில்லை. கப்பல் கொண்டுவரும் குழாய்களையும் இரும்புப் பெட்டிகளையும் கிரேனால் தூக்கி மேலே வைப்பதும், காலிச் சாமான்களைக் கீழே இறக்குவதும்தான் அவர் வேலை. தெருவுக்கு இந்த விவரமெல்லாம் எதற்கு? எண்ணெய்க் கம்பெனி என்றால் குழாயைத் திறந்ததும் பணம் கொட்டும் என்று அது எப்போதோ முடிவு கட்டிவிட்டது.

அந்த முடிவு பிறந்தது இதே நாற்காலியில்தான். மூன்று வருஷத்துக்கு முன்னால், கிரேன்காரர் முதல் தடவை கடலிலிருந்து வந்த சமயம், சலூன்காரர் அவர் முகத்தில் நுரை தடவிக்கொண்டே கேட்டார்.

"ஒரு நாளைக்கு எவ்வளவுண்ணே கொடுக்கறாங்க?"

"நானூறு."

இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் சலூன்காரர் சும்மா இருக்கவில்லை. பிரஷைக் கிண்ணத்தில் போட்டுவிட்டு, போனை எடுத்து முப்பதால் பெருக்கினார். "மாசம் பன்னிரண்டாயிரமா!" என்று அவர் கத்திய கத்தலில் கடையே திரும்பிப் பார்த்தது.

கிரேன்காரர் வாயைத் திறந்தார். 'அப்படி இல்லைங்க, மேடையில் இருக்கிற நாளுக்கு மட்டும்தான் சம்பளம். வீட்டில் இருக்கிற நான்கு வாரத்துக்கு ஒன்றும் கிடையாது' என்று சொல்லத்தான் திறந்தார். சரியாக அந்த நேரம் பார்த்து நுரைப் பிரஷ் உதட்டின் குறுக்கே வந்தது. அது விலகுவதற்குள் அங்கே இருந்த ஆறு பேருடைய முகமும் மாறிவிட்டது. காலை நீட்டி உட்கார்ந்திருந்தவர் காலை மடக்கிக்கொண்டார். ஒருவர் பேப்பரை மடித்து, "படிக்கறீங்களா?" என்று நீட்டினார். நுரை கசந்தது, மரியாதை இனித்தது. கிரேன்காரர் திறந்த வாயை மூடிக்கொண்டார்.

அன்றைக்கு வாயைத் துடைத்துக்கொண்டு மிச்சத்தையும் சொல்லியிருந்தால் இந்தக் கதைக்கே வேலை இல்லை. மனுஷன் சொல்லவில்லை. சலூன்காரரும் அன்றே அவருக்கென்று ஒரு தனி ரேட் வைத்தார். மற்றவர்களுக்குப் பத்து என்றால் அவருக்கு இருபது. கிரேன்காரர் ஏன் என்று கேட்காமல் கொடுத்தார். கேட்டால் பன்னிரண்டாயிரம் கேவலப்பட்டுப் போகாதா?

மேடையின் நடைமுறை வேறு. அங்கே படகிலிருந்து ஏறியதும் சுவரில் இருக்கும் பலகையில் அவரவர் பெயர் எழுதிய அட்டையைத் தொங்கவிட வேண்டும். ஆபத்து நேரத்தில் மேலே எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று தெரிய வேண்டும் அல்லவா, அதற்காக. அந்த அட்டை தொங்கும் நாள்தான் கிரேன்காரருக்குச் சம்பள நாள். காற்று பலமாக இருக்கிறது, படகு போகாது என்று கரையில் காத்திருக்கச் சொன்னால் பாதிச் சம்பளம். வீட்டில் இருந்தால் பூஜ்யம்.

போன வருஷம் அந்த அட்டைக்கே வேலை குறைந்துபோனது. எண்ணெய் விலை சரிந்தது. புது எண்ணெய்க் கிணறுகளுக்குத் துளை போடுவதை நிறுத்தினார்கள். 'கூப்பிடும்போது வந்தால் போதும்' என்று காண்டிராக்ட் ஆபீஸிலிருந்து ஒரு வரிச் செய்தி வந்தது. கிரேன்காரர் இரண்டு மாதத்துக்கு மேல் வீட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தெருவில் கேட்டவர்களிடம், "கம்பெனியில எக்ஸ்ட்ரா லீவு கொடுத்திருக்காங்க" என்றார். கேட்டவர்கள் பெருமூச்சு விட்டுக்கொண்டு போனார்கள். அவருடைய மனைவி பல் டாக்டர் கிளினிக்கில் டோக்கன் கொடுக்கும் வேலையில் இருந்தாள். அவள் சம்பளத்தில்தான் அந்த மாதங்களில் அடுப்பு எரிந்தது. அவளும் வெளியே மூச்சு விடவில்லை.

இந்தத் தடவை அவர் திரும்பி வந்த நான்காம் நாள், ஒரு புதன்கிழமை மாலை, தங்கையும் அவள் கணவரும் கேக் வாங்கிக்கொண்டு வந்தார்கள். தங்கையின் கணவர் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் லிஃப்ட் மெக்கானிக். நிரந்தர வேலை. அதிகம் பேசாத மனிதர். அன்றைக்குப் பார்த்து அவர் முகம் பல்பு போட்டதுபோல் இருந்தது.

"அண்ணே, ஒரு நல்ல சேதி," என்றாள் தங்கை. "அவரும் உன் ரூட்டுக்கே வர்றார்."

கிரேன்காரர் கேக் துண்டைத் தட்டில் வைத்தார். "எந்த ரூட்டு?"

"எண்ணெய் மேடைக்குத்தான் மச்சான்," என்று மெக்கானிக் ஒரு காகிதத்தை எடுத்து மேஜையில் விரித்தார். "மேல்தள உதவியாள் வேலை. ஆள் எடுக்கற ஆபீஸ்ல உங்க பேரைச் சொன்னேன், உடனே சரின்னுட்டாங்க. ஆரம்பத்துல நாளைக்கு நூத்தி ஐம்பது. பெருக்கிப் பார்த்தேன், மாசம் நாலாயிரத்தி ஐநூறு. இங்க மூவாயிரத்தி ஐநூறுதானே வருது. ரெண்டு மூணு வருஷத்துல உங்களை மாதிரி நானூறுக்குப் போயிடலாம். அதுவும் ஒரு மாசம் வேலை, ஒரு மாசம் சம்பளத்தோட லீவு!"

"சனிக்கிழமை மேனேஜரைப் பார்த்து ராஜினாமா லெட்டரைக் கொடுத்துடப் போறார்," என்றாள் தங்கை. "எத்தனை நாளைக்கு அண்ணே ஆஸ்பத்திரி லிஃப்ட்டையே கட்டிக்கிட்டு அழறது?"

காகிதத்தில் 'நாள் ஒன்றுக்கு 150' என்று தெளிவாகத்தான் இருந்தது. யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. முப்பதால் பெருக்கியது மெக்கானிக்கேதான். எப்படிப் பெருக்குவது என்று அவருக்குக் கற்றுக்கொடுத்தது மட்டும் இந்த வீடு.

கிரேன்காரர் மனைவியைப் பார்த்தார். அவள் கேக் வெட்டிய கத்தியைத் துடைத்துக்கொண்டே அவரைப் பார்த்தாள். இப்போது சொன்னால் மூன்று வருஷத்து வேஷம் தங்கை முன்னாலேயே கலையும். அவர் சொன்னது இவ்வளவுதான்:

"யோசிச்சுப் பண்ணுங்க மாப்பிள்ளை."

"யோசிச்சாச்சு மச்சான்," என்றார் மெக்கானிக் சந்தோஷமாக.

மறுநாள் முழுக்கக் கிரேன்காரருக்கு இருப்புக் கொள்ளவில்லை. தங்கை மகனுக்கு மூச்சிரைப்பு இருக்கிறது. மாதத்தில் நாலு நாளாவது மெஷினில் மருந்துப் புகை கொடுக்க வேண்டும். ஊழியர் குடும்பம் என்பதால் அந்த ஆஸ்பத்திரியில் அதற்கு ஒரு காசு வாங்குவதில்லை. வேலையை விட்டால் அதுவும் போகும். வெள்ளிக்கிழமை மதியம் கிளம்பி ஆஸ்பத்திரிக்கே போய்விட்டார்.

மெக்கானிக் மூன்றாவது மாடியில் இருந்தார். லிஃப்ட் ஒன்று பாதியில் நின்றுவிட்டது. உள்ளே தள்ளுவண்டியில் ஒரு நோயாளி, பக்கத்தில் ஒரு நர்ஸ். மெக்கானிக் கதவு இடுக்கில் சாவியை விட்டு, காதைக் கதவோடு ஒட்டி வைத்துக்கொண்டு, "ஒரு நிமிஷம் சிஸ்டர், பயப்படாதீங்க, இதோ வந்துடும்" என்று சொல்லிக்கொண்டே எதையோ நெம்பினார். லிஃப்ட் ஒரு முனகல் முனகி மேலே வந்து சேர்ந்தது. வெளியே வந்த நர்ஸ் நெற்றியைத் துடைத்துக்கொண்டாள்.

"நீங்க இல்லைன்னா நாங்க எல்லாரும் படியில ஏறியே சாக வேண்டியதுதான்," என்றாள். நாலடி போனவள் திரும்பி, "உங்க பையனோட மருந்து வந்திருக்கு. போகும்போது வாங்கிட்டுப் போங்க," என்றாள்.

இதைக் கேட்ட பிறகாவது கிரேன்காரர் உள்ளதைச் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அவர் கடலைப் பற்றித்தான் சொன்னார்.

"கடல் வேலை லேசுப்பட்டது இல்ல மாப்பிள்ளை. அலை வந்து அடிச்சா மேடையே ஆடும். தூங்க முடியாது. பன்னிரண்டு மணி நேரம் நின்னுக்கிட்டே வேலை. ஒரு அறையில நாலு பேர்."

"நீங்க இருக்கீங்களே மச்சான்."

"எனக்குப் பழகிப்போச்சு."

"எனக்கும் பழகிடும்."

"இங்க எவ்வளவு மரியாதை உங்களுக்கு! இதை விட்டுட்டு..."

மெக்கானிக் கையிலிருந்த மசகைத் துணியில் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார். பிறகு குரலை உயர்த்தாமல் கேட்டார்.

"தப்பா நினைக்காதீங்க. நானும் ஒருநாள் உங்க அளவுக்கு வந்துட்டா, உங்களுக்கு என்ன மச்சான் குறைஞ்சு போயிடும்?"

கிரேன்காரருக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. படியிறங்கி வந்துவிட்டார். சரி செய்த லிஃப்ட் அங்கேயே திறந்து நின்றது. அதில் ஏறக்கூடத் தோன்றவில்லை.

வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம் கொட்டித் தீர்த்தார். "நல்லதுக்குச் சொன்னா எனக்குப் பொறாமைன்னு நினைக்கிறார்! எப்படியோ போகட்டும்!"

மனைவி கிளினிக் உடையைக்கூட மாற்றவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"அவர் இடத்துல நான் இருந்தாலும் அப்படித்தாங்க நினைப்பேன். அவ்வளவு சம்பளம் வாங்குற ஆளு, இன்னொருத்தர் வர்றார்னதும் அலை அடிக்கும், காத்து வீசும்னு பயம் காட்டினா வேற என்ன நினைப்பாங்க? நீங்க கடலைச் சொன்னீங்க. காசைச் சொல்லலையே."

"எப்படிச் சொல்றது? மூணு வருஷமா..."

"மூணு வருஷமா நானும்தான் கூட நின்னேன். என் சம்பளத்துல சமைச்சுப் போட்டுட்டு, கிளினிக்ல கேட்டவங்ககிட்ட எல்லாம் 'அவருக்கு எக்ஸ்ட்ரா லீவு'ன்னு சொன்னேன். உங்க மரியாதைக்காகன்னு நினைச்சேன்." அவள் குரல் கொஞ்சம் தடுமாறியது. "அந்தப் பையனுக்கு மூச்சு வாங்கும்போது உங்க மரியாதையை வெச்சா மருந்துப் புகை கொடுக்க முடியும்?"

எழுந்துபோய் முகம் கழுவினாள். கிரேன்காரர் அலமாரியைத் திறந்து, பழைய ஷூ வந்த அட்டைப்பெட்டியிலிருந்து போன வருஷத்துச் சம்பளச் சீட்டுகளை எடுத்து ஒரு கவரில் போட்டுச் மறுநாள் போடும் சட்டைப் பையில் வைத்துவிட்டுப் படுத்தார்.

சனிக்கிழமை காலை அவர் தங்கை வீட்டுக்குப் போனபோது மெக்கானிக் கிளம்பிவிட்டிருந்தார். "சலூனுக்குப் போயிருக்கார்," என்றாள் தங்கை. "ஷேவ் பண்ணிக்கிட்டு அப்படியே நேரா மேனேஜர்கிட்ட போறேன்னார். மேனேஜர் இன்னிக்கு மதியம் வரைக்கும்தான் இருப்பாராம். ஏன் அண்ணே, இப்படி மூச்சு வாங்குது?"

கிரேன்காரர் வாசலிலேயே திரும்பினார். நடையும் ஓட்டமுமாகத் தெருமுனைக்கு வந்தார். சலூனில் வழக்கம்போல நாலைந்து பேர். அதே நாற்காலியில் மெக்கானிக், ஒரு கன்னம் வழித்து மறு கன்னம் நுரையோடு இருந்தார். இஸ்திரி போட்ட சட்டையைக் கழற்றிக் கொக்கியில் மாட்டியிருந்தார். அதன் பையில் வெள்ளைக் கவர் ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது.

"வாங்கண்ணே! மாப்பிள்ளையும் பெட்ரோல் ஆகப் போறாராமே. ஒரே குடும்பத்துல ரெண்டு பணக்காரங்க!" என்றார் சலூன்காரர்.

கிரேன்காரர் ஒரு கணம் நின்றார். தனியாகக் கூப்பிட்டுச் சொல்லலாம். ஆனால் கணக்கு பிறந்த இடம் இது. இங்கே சொல்லாவிட்டால் நாளைக்கு இன்னொருவர் பெருக்குவார்.

"உங்க போனை எடுங்க," என்றார் சலூன்காரரிடம். "நானூறை நூத்தி முப்பத்தொண்ணால பெருக்குங்க."

"முப்பதாலதானே?"

"நூத்தி முப்பத்தொண்ணு. போன வருஷம் பூரா எனக்குச் சம்பளம் வந்த நாள் அவ்வளவுதான்."

சலூன்காரர் புரியாமல் பெருக்கினார். "ஐம்பத்திரண்டாயிரத்தி நானூறு. இது மாசத்துக்கா?"

"வருஷத்துக்கு. கரையில பதினொரு நாள் காத்திருந்தேன், அதுக்குப் பாதி. ரெண்டாயிரத்தி இருநூறு சேர்த்துக்குங்க. கடல்ல விழுந்தா உயிர் தப்பிக்கிற பயிற்சி, கிரேன் லைசென்ஸ், உடம்புப் பரிசோதனை எல்லாம் என் கைக்காசு. அதுக்கு மூவாயிரத்தித் தொள்ளாயிரத்தைக் கழிங்க."

"ஐம்பதாயிரத்தி எழுநூறு," என்றார் சலூன்காரர். அவர் குரல் இறங்கிப்போயிருந்தது.

கிரேன்காரர் கவரை மெக்கானிக் கையில் கொடுத்தார். மெக்கானிக் சீட்டுகளை ஒவ்வொன்றாகப் புரட்டினார். மறுபடி எண்ணினார்.

"ஏழுதான் இருக்கு மச்சான். மிச்ச அஞ்சு மாசம்?"

"அவ்வளவுதான் மாப்பிள்ளை. மிச்ச மாசத்துக்குச் சீட்டே இல்ல. வீட்டுல இருந்தா சம்பளம் இல்ல. எக்ஸ்ட்ரா லீவுன்னு சொன்னேனே, அது லீவு இல்ல. வேலை இல்ல."

பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் பேப்பரை இறக்கிவிட்டார்.

"உங்களுக்குச் சொல்லியிருக்கற நூத்தி ஐம்பதை இதே நாளுக்குப் பெருக்கினா வருஷத்துக்கு இருபதாயிரம்கூட வராது," என்றார் கிரேன்காரர். "ஆஸ்பத்திரியில நாப்பத்திரண்டாயிரம் வாங்கறீங்க. லீவுக்கும் சம்பளம், பையனுக்கு மருந்தும் சும்மா."

"அப்ப எண்ணெய்க் கம்பெனின்னா பெரிய சம்பளம்னு சொல்றதெல்லாம் பொய்யாண்ணே?" என்று கேட்டார் சலூன்காரர். அவருக்குத் தன் சொத்து போனதுபோல் வருத்தம்.

"பொய் இல்ல. நான் கிரேன்லேர்ந்து இறங்கினா ஏறுற ஆளு கம்பெனி ஆளு. அதே கிரேன், அதே கொக்கி. ஆனா வீட்டுல இருக்கற மாசமும் அவருக்குச் சம்பளம் உண்டு. நான் காண்டிராக்ட்ல போனவன், எனக்கு அட்டை தொங்குற நாளுக்கு மட்டும்தான். துளை போடறதுக்குத் தலைமையா இருக்கறவர் என்னைப் போல மூணு மடங்கு வாங்குறார். சமையல்கட்டுல பாத்திரம் கழுவறவருக்கு எனக்கு வர்றதுல கால்வாசி. எல்லாரும் ஒரே படகுலதான் போறோம், ஒரே மேஜையிலதான் சாப்பிடறோம். என்ன வேலை, யார் மூலமா போனது, வருஷத்துல எத்தனை நாள், எண்ணெய் விலை என்ன... இதெல்லாம் தெரியாம யாரும் ஒரு சம்பளத்தைச் சொல்ல முடியாது. நான் சொன்னேன். அதுதான் தப்பு."

மெக்கானிக்கின் பாதி முகத்தில் நுரை காய ஆரம்பித்திருந்தது. சிரிப்பு வரும் கோலம்தான், ஆனால் யாரும் சிரிக்கவில்லை.

"நேத்து ஆஸ்பத்திரிக்கு வந்தீங்களே," என்றார் அவர். "அப்பவே ஏன் மச்சான் சொல்லல? நான் உங்களைப் பொறாமைக்காரர்னு நினைச்சுட்டு ராத்திரி பூரா உங்க தங்கைகிட்ட வாய்க்கு வந்ததைப் பேசினேன்."

"வெட்கமா இருந்துச்சு." கிரேன்காரர் கண்ணாடியைப் பார்க்காமல் தரையைப் பார்த்துச் சொன்னார். "இந்தக் கடையில எனக்காக எழுந்து இடம் விடறாங்க பாருங்க, அது போயிடுமேன்னு இருந்துச்சு. நான் சொன்ன நானூறு உண்மைதான் மாப்பிள்ளை. ஆனா பாதி உண்மை. முழுப் பொய்யா இருந்தா நீங்க விசாரிச்சிருப்பீங்க. பாதி உண்மைங்கறதாலதான் நம்பி வேலையை விடப் பார்த்தீங்க. சம்பளத்தை ஒண்ணு, முழுசாச் சொல்லணும். இல்ல, சொல்லாமலே இருக்கணும். நம்ம பந்தாவை நம்பி இன்னொருத்தர் குடும்பம் தெருவுக்கு வரக் கூடாது."

மெக்கானிக் எழுந்தார். கழுத்தில் கட்டியிருந்த துணியோடே கொக்கிக்குப் போய், சட்டைப் பையிலிருந்த வெள்ளைக் கவரை எடுத்தார். உள்ளே இருந்த காகிதத்தைப் பிரித்து ஒரு தரம் படித்தார். பிறகு அதை நாலாகக் கிழித்து, சலூன்காரர் கத்தியில் ஒட்டும் நுரையை வழித்துப் போட வைத்திருந்த துண்டுக் காகிதங்களோடு சேர்த்து வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"மிச்சத்தை வழிங்க," என்றார். "பதினோரு மணிக்கு ரெண்டாவது லிஃப்ட்டுக்கு எண்ணெய் போடணும்."

சலூன்காரர் அந்தத் துண்டில் ஒன்றை எடுத்துத்தான் கத்தியைத் துடைத்தார். 'தங்கள் உண்மையுள்ள' என்ற இடத்தில் நுரை ஏறியது. வேலை முடியும் வரை அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்தக் கடையின் சரித்திரத்தில் அது பெரிய விஷயம்.

மெக்கானிக் போன பிறகு கிரேன்காரர் நாற்காலியில் உட்கார்ந்தார். இந்தத் தடவை யாரும் எழுந்து இடம் விடவில்லை. அவருடைய முறை வந்தது, உட்கார்ந்தார். சவரம் முடிந்ததும் பழக்கத்தில் இருபதை நீட்டினார். சலூன்காரர் அதை வாங்கி, கல்லாவைத் திறந்து, பத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

"எல்லாருக்கும் உள்ள ரேட்டுதாண்ணே இனிமே," என்றார்.

கிரேன்காரர் அந்தப் பத்தை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். மூன்று வருஷத்தில் அன்றைக்குத்தான் அந்தக் கடையிலிருந்து மனசு லேசாகி வெளியே வந்தார்.